வேம்பு நுனிக்கருகல்: தெருமரக் கண்காணிப்புப் படிவத்தில் எதை எழுதுவது, எதை எழுதக்கூடாது?

மரக்கணக்கு (இழை தொடக்கம்)

ஐப்பசி மழை பிடித்தால் அடுத்த மூன்று நான்கு மாதம் வேம்புக்குச் சோதனைக் காலம். மழைக்குத் தளிர் வரும், தளிரைத் தேடித் தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சி வரும், ஈரத்தில் பூஞ்சை வரும். மார்கழியில் தெருவில் நிமிர்ந்து பார்த்தால் நுனியெல்லாம் துரு நிறம். 2021இல் தெலங்கானாவில் ஊர் ஊராக வேம்பு கருகியபோது "மரமே செத்துவிட்டது" என்று வெட்டச் சொன்னவர்களும் இருந்தார்கள். தமிழ்நாட்டுத் தெருக்களிலும் சிறிய அளவில் இது ஆண்டுதோறும் தெரிகிறது.

பார்ப்பவர்களுக்குக் குறைவில்லை. வார்டு தன்னார்வலர், மாநகராட்சிப் பூங்காப் பிரிவு, வேளாண் பல்கலை, வனக் கல்லூரி மாணவர்கள் என்று ஒரே மரத்தை நாலு பேர் பார்க்கிறார்கள். ஒருவர் "நோய்" என்கிறார், ஒருவர் "30% காய்ச்சல்" என்கிறார், ஒருவர் "போமாப்சிஸ்" என்று பூஞ்சையின் பெயரைச் சொல்கிறார். மூன்றையும் ஒரே தாளில் சேர்க்க முடியாது. போன வருடத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்ற ஒரு கேள்விக்குக்கூடப் பதில் வராது.

சீசனுக்கு முன்னால் பொதுப் படிவம் ஒன்று முடிவு செய்வோம். முதல் வரைவு: மர எண், தேதி, பார்த்தவர், மார்பு உயரச் சுற்றளவு (தரையிலிருந்து 1.37 மீட்டரில், செ.மீ. கணக்கில்), நுனிக்கருகல் அளவு 0 முதல் 4 வரை, நோயின் பெயர், படம். திருத்தம் சொல்லுங்கள்.

பூஞ்சைக்கண்

முதல் திருத்தம்: "நோயின் பெயர்" என்ற கட்டத்தைத் தூக்கிவிடுங்கள். கட்டம் இருந்தால் எதையாவது எழுதி நிரப்புவார்கள். எழுதியது அடுத்த ஆள் கையில் உண்மையாகிவிடும்.

காரணம் சொல்கிறேன். போமாப்சிஸ் அசாடிராக்டே என்ற பூஞ்சை இளங்கொம்புகளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய வைக்கிறது. பூங்கொத்தைக் கருக்கும், பழத்தை அழுகச் செய்யும். தேயிலைக் கொசு குத்தினாலும் தளிர் நுனியிலிருந்துதான் காயும். வேர் அறுபட்டாலும் நுனிதான் முதலில் போகும். 30 அடிக்குக் கீழே நின்று பார்த்தால் மூன்றுக்கும் ஒரே முகம். போதாதற்கு முதல் இரண்டும் ஒன்றாகவே வரும். பூச்சி குத்திய புண் பூஞ்சைக்குத் திறந்த வாசல்.

களத்தில் நிற்பவர் கண்ணில் பட்டதை மட்டும் எழுதட்டும். "நுனி காய்ந்திருக்கிறது, காய்ந்த குச்சியில் மிளகுத்தூள் தூவியது போல் கறுப்புப் புள்ளி" என்பது பதிவு. "போமாப்சிஸ்" என்பது முடிவு. முடிவு ஆய்வகத்திலிருந்து வரட்டும், தனிக் கட்டத்தில், தனித் தேதியோடு. அதுவரை அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

நாவாய்

வழிமொழிகிறேன். பூச்சிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கலாம், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியும்.

தேயிலைக் கொசு (ஹீலோபெல்டிஸ் அன்டோனி), பெயரில்தான் கொசு. உண்மையில் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. முந்திரி, கொய்யா, முருங்கையிலும் இதே ஆள்தான். நீளம் 6 முதல் 8 மி.மீ., தலை கறுப்பு, நெஞ்சு செம்பழுப்பு, வயிற்றில் கறுப்பும் வெள்ளையும், கால்கள் நூல் போல. முதுகில் குண்டூசி நட்டு வைத்தது போல ஒரு முள் நிமிர்ந்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். காலை வெயில் ஏறுவதற்கு முன்பும் மாலையிலும் தளிரில் கிடைக்கும். உச்சி வேளையில் இலைக்கு அடியில் ஒளிந்துவிடும். பத்து மணிக்கு மேல் போய்ப் பார்த்து "பூச்சி இல்லை" என்று எழுதினால் அந்தப் பூஜ்ஜியத்துக்கு மதிப்பு இல்லை. எனவே படிவத்தில் நேரமும் வேண்டும்.

குத்திய இடம் முதலில் நீர் கோத்தது போல் இருக்கும். ஓரிரு நாளில் பழுப்பாகி, பச்சைத் தண்டில் நீளவாக்கில் பள்ளக் கோடாக விழும். சில இடத்தில் பிசின் துளிர்க்கும். எண்ணும் முறை: கைக்கு அல்லது தொரட்டிக்கு எட்டும் நான்கு கிளை, திசைக்கு ஒன்று. கிளைக்கு ஐந்து தளிர். மொத்தம் 20. அதில் எத்தனை தளிரில் கோடு இருக்கிறது என்று மட்டும் எண்ணுங்கள். ஒன்றுக்கு 5%, மனக்கணக்கிலேயே முடிந்துவிடும்.

முட்டையிலிருந்து முழுப்பூச்சி வரை சுமார் மூன்று நான்கு வாரம். ஆகவே ஐப்பசி முதல் தை வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை போதும், மாதம் ஒரு முறை போதாது. மஞ்சள் ஒட்டுப்பொறி வெள்ளை ஈக்கு நல்லது, இதற்கு அதை நம்பாதீர்கள். இன்னொன்று: முசுறு எறும்பு இலையைத் தைத்துக் கூடு கட்டியிருக்கிறதா என்று ஒரு கட்டம் வையுங்கள். முந்திரித் தோப்பில் முசுறு இருக்கும் மரத்தில் இந்தப் பூச்சி குறைவு. தெருமர வேம்பில் என்ன நிலை என்று நம் பதிவே சொல்லட்டும்.

வார்டு38

எங்க ஆளுங்க எல்லாம் வங்கி வேலை, கடை, ஓய்வு பெற்றவங்க. ரெண்டு சந்தேகம். மாசியில் வேம்பு தானா இலை கொட்டுதே, அதை நோய்னு எழுதிடுவாங்களே? அப்புறம் 0 முதல் 4 வரைனா எதை வெச்சு 2, எதை வெச்சு 3?

மரக்கணக்கு

@வார்டு38 நல்ல கேள்விகள்.

இயல்பான இலையுதிர்வில் இலை மஞ்சளித்து, காம்போடு கழன்று தரையில் கிடக்கும். குச்சி பச்சையாகவே நிற்கும். கருகலில் இலை மஞ்சளிக்காமல் துரு நிறமாகச் சுருண்டு குச்சியிலேயே தொங்கும். சந்தேகம் வந்தால் எட்டும் குச்சியை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். தோலுக்கு அடியில் பச்சை ஈரம் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் போய்விட்டது. நுனியிலிருந்து கீழே வந்து எந்த இடத்தில் பச்சை தொடங்குகிறது என்று பார்த்தால் எத்தனை செ.மீ. காய்ந்தது என்பதும் கிடைத்துவிடும்.

அளவுகோல்: கருகிய நுனி இல்லை என்றால் 0. பத்து நுனியில் ஒன்று வரை 1. கால் பங்கு வரை 2. பாதி வரை 3. பாதிக்கு மேல் 4. மொத்த மரத்தையும் ஒரே பார்வையில் மதிப்பிடாதீர்கள், கண் கருகிய பக்கத்திலேயே நிற்கும். தலைப்பகுதியை மனதில் நான்காகப் பிரித்து, ஒவ்வொரு கால் பங்கையும் தனியாக மதிப்பிட்டுச் சராசரி எடுங்கள். எதிர் நடைமேடையில், 10 முதல் 15 மீட்டர் தள்ளி நின்று பார்க்க வேண்டும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். எதிரே இருந்தால் பச்சையும் பழுப்பும் ஒரே கறுப்பாகத் தெரியும். மேகமூட்டமான நாள் இதற்கு உத்தமம்.

சீசன் தொடங்கும் முன் ஒரு நாள் 20 மரத்தை இருவர் இருவராகப் பார்த்து, பேசிக்கொள்ளாமல் எழுதுங்கள். பிறகு ஒப்பிடுங்கள். ஒரு படி வித்தியாசம் பரவாயில்லை. இரண்டு படி வித்தியாசம் மூன்று நான்கு மரத்தில் வந்தால் மறுபடி சேர்ந்து போய்ப் பாருங்கள். எது சரி என்பதைவிட எல்லோரும் ஒரே மாதிரி பார்க்கிறார்களா என்பதே முக்கியம்.

கிளைவெட்டி

யாரும் சொல்லாத ஒன்று. இ.பி. கம்பிக்காக மழைக்கு முன்னால் வெட்டுவார்கள் இல்லையா, அது முழங்கை நீளத்துக்கு மொட்டையாக விட்ட வெட்டு. அந்த மொட்டை தானாகக் காயும். மார்கழியில் கீழிருந்து பார்ப்பவர் அதைக் கருகல் என்று 3 போட்டுவிடுவார். நுனியில் தட்டையான வெட்டு முகம் தெரிந்தால் அது நோய் இல்லை, அரிவாள். "கம்பிவெட்டு: ஆம்/இல்லை" என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். ஆம் என்றால் அந்தப் பக்கத்தை மதிப்பீட்டில் சேர்க்கக்கூடாது.

கருகிய கொம்பை எடுப்பவர்களுக்கு: கருகல் முடியும் இடத்தில் வெட்டாதீர்கள். உள்ளே பழுப்பு இன்னும் கீழே இறங்கியிருக்கும். 15 முதல் 20 செ.மீ. கீழே, பச்சையில், கவட்டை மேட்டை (கிளை பிரியும் இடத்துப் புடைப்பை) ஒட்டி வெட்ட வேண்டும். மேட்டையே சீவிவிடக்கூடாது, மொட்டையாகவும் நிறுத்தக்கூடாது. வெட்டு முகத்தில் பழுப்பு வளையம் தெரிந்தால் இன்னும் கீழே போங்கள். மழை விழும் நாளில் வேண்டவே வேண்டாம். பூஞ்சை வித்து மழைத்துளி தெறித்துத்தான் பரவுகிறது. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும் முன் கத்தியை 70% ஸ்பிரிட்டில் துடையுங்கள். பிளீச்சிங் திரவம் ஒன்றுக்கு ஒன்பது தண்ணீரும் ஆகும், ஆனால் இரும்பை அரிக்கும். வேலை முடிந்ததும் கழுவி எண்ணெய் போடாவிட்டால் அடுத்த மாதம் கத்தரி திறக்காது.

வெட்டு முகத்தில் பூஞ்சை ஏறாமல் தடவ போர்டோ பசை: மயில்துத்தம் 1 கிலோ, நீற்றுச் சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். இரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக்கூடாது. தேய்த்த இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அன்றே கலக்கி அன்றே தீர்க்க வேண்டும், மறுநாள் அது வெறும் நீலச் சேறு. இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன்: பசை தடவியதால் தப்பான வெட்டு சரியாகிவிடாது. சரியாக வெட்டினால் மரமே மூடிக்கொள்ளும்.

வெட்டிய கழிவை மரத்தடியிலேயே குவிக்காதீர்கள். காய்ந்த குச்சியிலிருந்துதான் அடுத்த மழைக்கு வித்து கிளம்பும்.

வார்டு38

தெருக்காரங்க கேக்கறது ஒண்ணுதான்: "மருந்து எப்ப அடிப்பீங்க?" கார்பன்டசிம்னு ஒரு பூஞ்சைக்கொல்லியை ஒருத்தர் யூடியூப்ல பார்த்துட்டு வந்து நிக்கிறார்.

நாவாய்

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். கைத்தெளிப்பானின் நீர் எட்டுவது நாலைந்து மீட்டர். மரம் 12 மீட்டர். கருகுவது உச்சித் தளிர். எட்டாத இடத்துக்கு அடிக்க உயர் அழுத்தப் பம்பு வேண்டும். அது கொண்டுவந்தால் பாதி மருந்து மாடியில் காயும் துணியிலும், தள்ளுவண்டிக் காய்கறியிலும், தொட்டித் தண்ணீரிலும் விழும். பூக்கும் காலத்தில் அடித்தால் தேனீ சாகும். சித்திரைக்கு வேப்பம்பூ பறித்துப் பச்சடி வைக்கும் ஊரில் அதை யோசிக்காமல் இருக்க முடியாது.

பூஞ்சைக்கண்

கார்பன்டசிம் இந்தப் பூஞ்சைக்கு வேலை செய்கிறது, அதில் மறுப்பில்லை. நாற்றங்காலில், ஆள் உயரக் கன்றில் லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் அர்த்தம் உண்டு. நாற்றங்கால்காரர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: விதை வழியாகவும் இது வரும், ஆகவே கருகிய மரத்தடியில் பழம் பொறுக்கி விதைக்காதீர்கள். முற்றிய தெருமரத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதில் ஒரு கண்கட்டும் இருக்கிறது. வேம்பு மாசியில் இலை கொட்டி, பங்குனியில் தானாகத் துளிர்க்கும். மார்கழியில் கருகிய மரமும் வேர் நன்றாக இருந்தால் பெரும்பாலும் அப்படியே மீளும். தை கடைசியில் மருந்தடித்தவருக்குப் பங்குனியில் பேர் கிடைத்துவிடும்! மருந்து கேட்டது என்று சொல்ல வேண்டுமானால் அதே தெருவில், அதே அளவு கருகிய, அடிக்காத மரங்களையும் பக்கத்தில் வைத்து எண்ண வேண்டும். அது இல்லாத "வெற்றி"ப் படங்களை இங்கே போட வேண்டாம்.

வார்டு38

சரி, மருந்து வேணாம். அப்ப தெருக்காரங்களுக்கு என்ன சொல்றது? "பாத்துட்டிருக்கோம்"னா அடிக்க வந்துடுவாங்க.

அடிமரம்

சொல்லுங்கள்: "மேலே பார்த்தது போதும், கீழே பாருங்கள்."

இந்த இழையில் இதுவரை ஒருவரும் மரத்தின் காலைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஆண்டும் தளிர் கருகி மீளும் மரம் வேர் கெட்டால் மீளாது. படிவத்தில் அடிமரத்துக்கு நான்கு கட்டம் வேண்டும்.

ஒன்று, திறந்த மண். அடிமரத்திலிருந்து நாலு பக்கமும் சிமென்ட் அல்லது பேவர் கல் எத்தனை செ.மீ.யில் தொடங்குகிறது? 2013இல் டெல்லி மரங்கள் பற்றிய வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சுற்றிலும் ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. நம் தெருக்களில் கழுத்து வரை ஊற்றியிருப்பார்கள். அதை உடைத்து எடுக்கும்போது ஜாக்ஹாமர் வேர்த் தோலை உரிக்கும். கடைசி ஒரு சாண் கடப்பாரையால், கையால்தான்.

இரண்டு, அறுபட்ட வேர். மழைநீர் வடிகால், கேபிள் பள்ளம் எந்தப் பக்கம், எத்தனை அடி தள்ளி? அடிமர விட்டத்தின் மூன்று மடங்குக்குள் தோண்டியிருந்தால் அந்த மரத்தை நிற்கும் பலம் குறைந்த மரமாகவே எண்ணுங்கள். வடிகால் பக்கத்துத் தலைப்பகுதி மட்டும், பெரிய கொம்பாகக் காய்ந்தால், தளிரில் குத்துக்கோடும் இல்லையென்றால், பூச்சியைத் தேட வேண்டாம், பள்ளத்தைத் தேடுங்கள்.

மூன்று, காளான். அடிமரத்திலோ வேர் மேட்டிலோ பலகை போல, மேலே செம்பழுப்புப் பளபளப்பு, ஓரம் வெள்ளை. அது கானோடெர்மா. மயிற்கொன்றையிலும் இயல்வாகையிலும் நிறையப் பார்க்கலாம். காளானைப் பிடுங்கி எறிந்துவிட்டு "சுத்தம் செய்தாயிற்று" என்று எழுதுவார்கள். அது வெளியே நீட்டிய பழம்தான். உள்ளே மரம் ஏற்கெனவே அழுகியிருக்கிறது. தலைப்பகுதி பசுமையாக இருப்பதை நம்பக்கூடாது. வேர் போன மரத்துக்கு அடர்ந்த தலை காற்றில் பாய்மரம். மரச் சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டி, எந்தப் பக்கம் பொத்தலாக ஒலிக்கிறது, சுற்றளவில் எவ்வளவு பங்கு என்று எழுதுங்கள்.

நான்கு, சாய்வும் மண் வெடிப்பும். சாயும் திசைக்கு எதிர்ப்பக்கம் பிறை வடிவில் மண் வெடித்திருந்தால் அது படிவத்துக்குக் காத்திருக்கும் விஷயமே இல்லை. அன்றே மாநகராட்சிக்குத் தொலைபேசி. மரத்தடியில் நிற்கும் வண்டிகளை நகர்த்தச் சொல்லிவிட்டுப் பிறகு படம் எடுங்கள்.

அப்புறம் அடிமரத்தில் வரிசையாகத் துளை, விரல் பருமனில், துளையைச் சுற்றித் தோல் கறுத்திருந்தால், அது வண்டு இல்லை. வண்டு வரிசை பிடித்துத் துளைக்காது, மரத்தைக் கொல்ல ஆள் போட்ட துளை. கடைப் பலகையை மறைக்கும் மரத்தில் இதைப் பார்க்கலாம். படம் எடுங்கள், யாரையும் குறிப்பிடாமல் வருவாய்த் துறைக்கும் மாநகராட்சிக்கும் எழுத்தில் கொடுங்கள்.

நாவாய்

@அடிமரம் சொன்னதோடு, நேரத்தைத் தின்னும் பொய் எச்சரிக்கைகள் சில. இவற்றைப் பயிற்சி நாளிலேயே காட்டிவிடுங்கள்.

பட்டை மேல் கறையான் மண்பூச்சு: அது பெரும்பாலும் செத்த மேல்பட்டையைத்தான் தின்கிறது. மண்ணைத் தட்டிவிட்டுப் பாருங்கள். அடியில் ஈரப்பட்டை முழுதாக இருந்தால் கவலை இல்லை. புங்கை இலையில் கொப்புளம் சிலந்திப்பேனின் வேலை. ஏழிலைப்பாலை இலையில் முண்டு முண்டாக இருந்தால் அது இலைமுடிச்சுப் பூச்சி. இரண்டும் பார்க்க அசிங்கம், மரம் சாகாது. அடிமரத்தில் சாம்பல், பச்சைத் திட்டு கற்பாசி, நோயே இல்லை.

பட்டையில் மரத்தூளும் நூலும் பின்னிய நாடா போல ஓடினால் அது பட்டைப்புழு, இது நிஜம். பகலில் துளைக்குள், இரவில் நாடாவுக்கு அடியில் மேயும். நாடாவைத் துடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். புதிதாகப் பின்னியிருந்தால் புழு உள்ளே இருக்கிறது. இல்லையென்றால் பழைய வீடு. துளைக்குள் சைக்கிள் கம்பியை விட்டுக் குத்தி, களிமண்ணால் அடைத்தாலே போதும். செல்ஃபாஸ் மாத்திரை வைக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். அதிலிருந்து வருவது பாஸ்பீன் வாயு, ஜன்னல் ஓரத்து மரத்தில் அது ஆளைக் கொல்லும்.

புல்லுருவியை மட்டும் அறுத்தால் மறுபடி முளைக்கும். ஒட்டிய இடத்துக்கு ஒரு முழம் கீழே கிளையோடு எடுக்க வேண்டும்.

விரிதாள்

நான் பார்க்கும் பக்கம் வேறு. வந்து சேரும் தாள்களில் பூச்சியைவிடக் கட்டங்கள்தான் கொல்கின்றன.

மர எண்: வார்டு-தெரு-பக்கம்-வரிசை. உதாரணம் 38-12-வ-07. ஜிபிஎஸ் மட்டும் போதாது. மரத்தடியில், மாடிகளுக்கு நடுவே 5 முதல் 10 மீட்டர் நகர்ந்துவிடும். அதற்குள் இரண்டு மரம் நிற்கும். பக்கத்து இ.பி. கம்ப எண்ணையும் எழுதுங்கள், கம்பம் நகராது.

காலிக் கட்டம் வேறு, பூஜ்ஜியம் வேறு. பார்த்தேன், இல்லை என்றால் 0. பார்க்கவில்லை என்றால் "பா.இ." நோயுள்ள மரத்தை மட்டும் அனுப்புவதை நிறுத்துங்கள். நூறில் பத்தா, பத்தில் பத்தா என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லா மரத்தையும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை பார்க்க ஆள் இல்லையென்றால் தெருவில் ஒவ்வொரு பத்தாவது வேம்பையும் காவல் மரமாக வைத்து அதை மட்டும் விடாமல் பாருங்கள். மற்றவை ஆண்டுக்கு இரு முறை. காவல் மரத்தைக் கருகியது, வசதியானது என்று பொறுக்கி எடுத்தால் கணக்கு கெட்டது.

பெயர்: "வாகை" என்று வருவதில் வாகை, தூங்குமூஞ்சி, இயல்வாகை மூன்றும் இருக்கின்றன. "வேம்பு" என்று வருவதில் மலைவேம்பும் கலந்திருக்கிறது. கீழிறங்கு பட்டியல் வையுங்கள், கையால் தட்டச்சு செய்ய விடாதீர்கள்.

பூஞ்சைக்கண்

மாதிரி அனுப்புவோருக்கு, பாதி வீணாகிறது என்பதால். முழுக்கக் காய்ந்த குச்சி வேண்டாம். அதில் சாவுக்குப் பின் வந்த பூஞ்சைகள்தான் வளரும். விரல் பருமனுக்குக் குறைவான கொம்பு, 15 முதல் 20 செ.மீ., கருகலும் பச்சையும் சந்திக்கும் இடம் நடுவில் இருக்க வேண்டும். மரத்துக்கு மூன்று முதல் ஐந்து துண்டு. செய்தித்தாளில் சுற்றிக் காகித உறையில். பாலிதீன் பையில் வியர்த்து, வந்து சேரும்போது பூசணமாக இருக்கும். மர எண்ணைப் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை கரையும். இரண்டு நாளுக்குள் தர முடியாவிட்டால் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறைபெட்டியில் அல்ல. பூஞ்சை வளர்ந்து வித்துப்பை வைக்க வாரக்கணக்கில் ஆகும். மூன்றாம் நாளே "ரிசல்ட் என்ன சார்" என்று கேட்காதீர்கள்.

மரக்கணக்கு

ஆய்வகக் கட்டத்தை ஏன் விடாப்பிடியாக வைத்துக்கொள்கிறோம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கு. பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோவைப் பகுதியில் அடையாளம் காணப்பட்டது. அது என்ன இனம் என்று உறுதியானதால்தான் அதற்கே உரிய ஒட்டுண்ணிக் குளவியை 2010இல் பியூர்டோ ரிகோவிலிருந்து வரவழைத்து விட முடிந்தது. "வெள்ளையா ஏதோ பூச்சி" என்ற பதிவோடு குளவியைக் கேட்க முடியாது. மறுபக்கம் கல்யாண முருங்கை. அதன் முடிச்சுக் குளவிக்குப் பெயர் வைத்ததே 2004இல்தான். ஓரிரு ஆண்டில் அது கேரளத்திலும் இங்கும் வந்து, வேலியில் நின்ற மரமெல்லாம் இலை முறுக்கிக் காய்ந்தது.

திருத்திய வரைவில் நோயின் பெயர் நீக்கம். நேரம், 20 தளிர்க் கணக்கு, முசுறு, கம்பிவெட்டு, அடிமரம் நான்கு கட்டம், இ.பி. கம்ப எண், ஆய்வக முடிவு சேர்ப்பு. மாதிரி வரி: 38-12-வ-07 / வேம்பு / காலை 7.10 / 142 செ.மீ. / கருகல் 2 / தளிர் 20க்கு 6 / முசுறு இல்லை / கம்பிவெட்டு ஆம், கிழக்கு / திறந்த மண் 20 செ.மீ. / வேர் வெட்டு இல்லை / காளான் இல்லை / சாய்வு, வெடிப்பு இல்லை / ஆய்வகம் காலி.

வார்டு38

இது எங்களுக்கு ஆகும். கடைசியா ஒண்ணு, எண் பலகையை மரத்துல எப்படி மாட்றது? ஆணி அடிக்கக்கூடாதுனு நாமளே பிரசாரம் பண்ணிட்டு நாமளே அடிச்சா நல்லா இருக்காது.

கிளைவெட்டி

ஆணியும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். கம்பி கட்டினால் மரம் பருத்து இரண்டே வருடத்தில் கழுத்தை நெரிக்கும். சாலைப் பக்கம் பார்க்காமல் நடைமேடைப் பக்கம், மார்பு உயரத்தில், உள்ளங்கை அளவு தளர்ந்த மேல்பட்டையை மட்டும் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டு எனாமல் பெயின்ட்டில் எண் எழுதுங்கள். வேம்பு பட்டை வெடிக்கும், ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மேலெழுத வேண்டும். சுற்றளவு அளக்கும் நாடாவையும் அந்த எண்ணுக்கு மேல்விளிம்பிலேயே வைத்தால் ஒவ்வொரு வருடமும் ஒரே இடத்தில் அளந்ததாகும்.